முதல் கிளாஸை ஊத்தினது யார்?



நீளமான பதிவு. மன்னிக்கவும். லுணுகலையில் பஸ் ஏறினால் பதுளை போய்ச் சேருவதற்குள் இரண்டு தடவை வாசித்து முடிக்கலாம். பிள்ளை வளர்க்கிறவர்களும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்களும் ஒரு தடவையாவது முழுசாக வாசியுங்கள்.

ஏப்ரல் விடுமுறை. இரவு ஒன்பதரை மணி இருக்கும். நல்ல மழை. போன் அடித்தது. என்னிடம் விஞ்ஞானம் படிக்கும் பையன் ஒருவன். குரல் நடுங்கியது.

"சேர்... அவன் எந்திரிக்க மாட்டேங்கிறான் சேர். கூப்பிட்டா சத்தமே இல்ல. யார்கிட்டயும் சொல்லிறாதீங்க சேர்."

எந்தத் தோட்டம், எந்தப் பாடசாலை என்றெல்லாம் எழுதப் போவதில்லை. ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தாலும் கமெண்டில் போட வேண்டாம். பிள்ளையின் எதிர்காலம் இருக்கிறது.

நான் போய்ச் சேரும்போது அவன் லயத்துக்குப் பின்னால் பீலிக்கரையில் கிடந்தான். பதினைந்து வயது. போதை தெளியட்டும் என்று கூட்டாளிகள் பீலித் தண்ணீரை அள்ளி அள்ளித் தலையில் ஊற்றியிருக்கிறார்கள், அந்த மழையிலும் அந்தக் குளிரிலும். உதடு நீலமாக இருந்தது. கை ஐஸ் மாதிரி. மூச்சு ஒன்று வந்து அடுத்தது வருவதற்குள் எனக்கு என் மூச்சு நின்றுவிட்டது.

1990க்கு அடித்தோம். தோட்டத்துப் பாதையில் அம்பியூலன்ஸ் ஏறாது. கம்பளியில் சுற்றி நாலு பேர் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தோம். ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னது இதுதான்: இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கியிருக்கிறது, உடம்புச் சூடும் இறங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்திருந்தால் கொண்டு வந்து பயனில்லை.

அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துவிட்டான்.

மறுநாள் அந்தப் பையன்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏண்டா இவ்வளவு நேரம் ஒளிச்சு வெச்சிருந்தீங்க? ஏழு மணிக்கே விழுந்துட்டான்னு சொல்றீங்க. ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

ஒருத்தன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "போன வருசம் அந்த அண்ணனுக்கு நடந்தது தெரியுந்தானே சேர்."

தெரியும். நன்றாகவே தெரியும்.

போன வருசம் விளையாட்டுப் போட்டி அன்று ஒரு பையனின் வாயில் வாடை வந்தது. அப்பாவைக் கூப்பிட்டோம். ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தோம். "இவனை வைத்திருந்தால் மற்றப் பிள்ளைகளும் கெட்டுப்போவார்கள்." அந்தத் தீர்மானத்தின் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. அவன் ஓ.எல். எழுதவில்லை. இன்றைக்குக் கொழும்பில் ஒரு கடையில் மூட்டை தூக்குகிறான்.

நாங்கள் அன்று கொடுத்தது மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் என்று நினைத்தோம். பாடம்தான். ஆனால் பிள்ளைகள் படித்துக்கொண்டது "குடிக்காதே" என்ற பாடத்தை அல்ல. "மாட்டிக்கொள்ளாதே, கூட்டாளி செத்தாலும் வாயைத் திறக்காதே" என்ற பாடத்தை. அதன் விளைவுதான் பீலிக்கரையில் இரண்டரை மணித்தியாலம்.

இதைத்தான் சொல்ல வந்தேன். பையன்கள் குடிக்கிறார்கள் என்று நாம் எல்லாரும் பேசுகிறோம். பள்ளிவாசலில் பேசுகிறோம், கோயிலில் பேசுகிறோம், பெற்றோர் கூட்டத்தில் பேசுகிறோம். முதல் கிளாஸை ஊத்திக் கொடுக்கிறவர்களும் பெரியவர்கள்தான், விழுந்த பிறகு மறைக்க வைக்கிறவர்களும் பெரியவர்கள்தான் என்பதை மட்டும் பேசுவதில்லை.

யார் ஊத்தியது?

அன்றைக்கு மென்பந்து கிரிக்கெட் போட்டி. இவன் மூன்று விக்கெட் எடுத்திருக்கிறான். ஜெயித்த சந்தோசத்தில் பெரிய பையன்கள் டின் பியர் வாங்கி வந்திருக்கிறார்கள். முறைக்கு மாமாவான ஒருவர் இவன் கையில் ஒரு டின்னைக் கொடுத்து, "ஆம்பளப் புள்ளதானே, பியர் எல்லாம் குடி இல்லடா" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு டின் போயிருக்கிறது. அதற்குப் பிறகு சோடா போத்தலில் வந்த ஏதோ ஒன்று. அது என்ன என்று இன்றுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த மாமா கெட்டவர் இல்லை. அவர்தான் கம்பளியின் முன் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே ஓடி வந்தார். அவருக்கு இது விசமாகத் தெரியவில்லை. அவருக்கும் பதினாலு வயதில் இன்னொரு மாமா இப்படித்தான் கொடுத்திருப்பார்.

பியர் குடி இல்லையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியதும் இதை நான் கரும்பலகையில் கணக்காகவே போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

நம் கடைகளில் விற்கும் ஸ்ட்ரோங் பியரில் மதுசாரம் 8.8 வீதம். ஒரு பெரிய டின் 500 மில்லிலீற்றர். அப்படியென்றால் ஒரு டின்னில் சுத்தமான மதுசாரம் 44 மில்லிலீற்றர். நிறையில் சொன்னால் சுமார் 35 கிராம்.

சாராயத்தில் மதுசாரம் ஏறத்தாழ 35 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 44 மில்லிலீற்றர் மதுசாரம் வேண்டுமென்றால் சாராயத்தில் சுமார் 125 மில்லிலீற்றர் குடிக்க வேண்டும். கால் போத்தல் என்பது 180 மில்லிலீற்றர். அதாவது ஒரு டின் ஸ்ட்ரோங் பியர், கால் போத்தல் சாராயத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமம். இரண்டு டின் என்றால் கால் போத்தலையும் தாண்டிவிட்டது.

பையன்கள் கணக்கை முடித்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "அப்ப நம்ம சாராயந்தான் குடிச்சிருக்கோமா சேர்?" என்று பின் வரிசையில் இருந்து ஒரு குரல். நான் யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொரு கணக்கு. வளர்ந்த மனிதனின் ஈரல் ஒரு மணித்தியாலத்தில் சுமார் 7 முதல் 10 கிராம் மதுசாரத்தைத்தான் எரித்து முடிக்கும். ஒரு டின்னை முடிக்கவே நாலைந்து மணித்தியாலம். தேசிக்காய், மோர், பிளேன்டீ, கோப்பி, பச்சைத் தண்ணீர் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. தலையில் தண்ணீர் ஊற்றினால் குடிகாரன் தெளியமாட்டான். ஈரமான குடிகாரன் ஆவான், அவ்வளவுதான்.

"குளிருக்கு ஒரு மடக்கு"

நம் பக்கத்தில் சின்ன வயதில் இருந்தே கேட்டு வளர்ந்த பேச்சு இது. மழையில் நனைந்து வந்தால் ஒரு மடக்கு. கவ்வாத்து வெட்டி வந்தால் உடம்பு வலிக்கு ஒரு மடக்கு. தடிமன் பிடித்த பிள்ளைக்குக் கூட ஒரு கரண்டி என்று கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உண்மை நேர்மாறானது. மதுசாரம் தோலுக்குக் கீழே இருக்கும் இரத்தக் குழாய்களை விரித்துவிடும். உள்ளே இருக்கும் சூடான இரத்தம் தோலுக்கு ஓடி வரும். முகம் சிவக்கும், சூடு ஏறியது போல இருக்கும். ஆனால் அது உடம்பு சூட்டை வெளியே கொட்டுகிற நேரம். கதவைத் திறந்து வைத்துவிட்டு அடுப்பு மூட்டுவது போல. குளிருக்குக் குடித்தவனைத்தான் குளிர் முதலில் கொல்லும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஈரல் மதுசாரத்தை எரிப்பதில் மும்முரமாக இருக்கும்போது புதிதாகச் சீனி தயாரிக்கும் வேலையை நிறுத்திவிடும். பெரிய ஆளை விடப் பிள்ளையின் உடம்பில் சேமிப்பு குறைவு. மத்தியானம் சரியாகச் சாப்பிடாமல் நாள் முழுக்க பந்து போட்ட பையன் என்றால் கேட்கவே வேண்டாம். சீனி இறங்கும், வலிப்பு வரலாம், நினைவு போகலாம். பார்க்கிறவர்கள் "மட்டையாகிட்டான், தூங்கட்டும்" என்று நினைப்பார்கள். அந்தப் பையன் தூங்கவில்லை, மயங்கிக் கிடக்கிறான்.

மூளையைப் பற்றிக் கொஞ்சம்

மனிதனின் மூளை இருபத்தைந்து வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அதில் கடைசியாக முற்றுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி. "இப்ப இதைச் செய்யலாமா, பின்னால என்ன ஆகும்" என்று யோசிக்க வைப்பது அதுதான். படித்ததை ஞாபகத்தில் பதியவைக்கும் பகுதியையும் மதுசாரம் நேரே தாக்கும். குடித்த இரவு நடந்தது மறுநாள் நினைவில் இல்லை என்று சிரித்துக்கொண்டு சொல்வார்களே, அது வேடிக்கை இல்லை. அந்த நேரம் மூளை எதையும் எழுதி வைக்கவில்லை என்று அர்த்தம். கட்டி முடியாத வீட்டில் வெள்ளம் புகுந்த மாதிரி.

அமெரிக்காவில் 1990களில் பல ஆயிரம் பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு பரவலாகப் பேசப்படுவது. 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் 40 வீதமானோர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள். 21 வயதில் தொடங்கியவர்களில் அது சுமார் 10 வீதம். வீட்டுச் சூழல் மாதிரி வேறு காரணங்களும் இதில் கலந்திருக்கும்தான். ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு "கொஞ்சமா குடிச்சுப் பழகட்டும், பிறகு அளவோட இருப்பான்" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது: உடம்புக்குப் பாதகமில்லாத அளவு என்று மதுவில் ஓர் அளவு இல்லை. மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது 1988இல். நம் நாட்டு ஆண்களுக்கு அதிகமாக வருவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை சப்பும் வாய்க்குள் மதுவும் போனால் ஆபத்து பல மடங்காகிறது. மலையில் வெற்றிலை சப்பாத வீடு எத்தனை? தரம் 8 பிள்ளைகள் கூடப் பாக்குப் பக்கற்றைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள்.

சோடா போத்தல்

2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அப்போது கடையில் ஒரு முழுப் போத்தல் சாராயம் வாங்க இரண்டு நாள் சம்பளம் போதவில்லை. அதனால்தான் கசிப்பு ஓடுகிறது. போயா தினத்தில் தவறணை மூடியிருக்கும், அன்றைக்கும் ஓடும். பிள்ளைகளிடம் வயது கேட்க அங்கே யாரும் இல்லை.

கசிப்பில் என்ன இருக்கிறது என்று காய்ச்சியவனுக்கே தெரியாது. மெதனோல் என்ற தொழிற்சாலை மதுசாரம் அதில் கலந்திருந்தால் நிறத்திலும் மணத்திலும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். உடம்புக்குள் போன பிறகு அது போர்மிக் அமிலமாக மாறும். முதலில் பார்வை நரம்பைத் தாக்கும், பிறகு மூச்சை நிறுத்தும். பல நேரம் குடித்த பன்னிரண்டு, இருபத்துநாலு மணித்தியாலம் கழித்துத்தான் தெரியவரும். அதற்குள் "நேத்துக் குடிச்சான், இன்னைக்கு நல்லாத்தானே இருக்கான்" என்று விட்டிருப்பார்கள்.

2024 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை எல்லாரும் போனில் பார்த்தோம். மெதனோல் கலந்த சாராயம். அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். பெரும்பாலும் நாட்கூலிகள். அவர்களும் உடம்பு வலிக்குக் குடித்தவர்கள்தான். அந்த வீடியோக்களை நாம் ஷெயார் பண்ணினோம், கண்ணீர் இமோஜி போட்டோம். நம் ஊரில் சோடா போத்தலில் வருவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இது யாரைக் குறை சொல்லும் பதிவும் இல்லை

இதை எழுதினால் "முஸ்லிம் சேர் நம்ம தோட்டத்து ஆளுகளைக் கேவலப்படுத்துறார்" என்று யாராவது சொல்லக்கூடும் என்று தெரியும். அதனால் சொல்கிறேன்.

தோட்டம் என்றாலே குடி என்று பேசுவது பொய், அநியாயமும் கூட. 2015இல் நம் நாட்டில் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பின்படி ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் நடப்பில் குடிக்கிறவர். மூன்றில் இரண்டு பேர் இல்லை. பெண்களில் குடிக்கிறவர் மிக மிகக் குறைவு. "எல்லாருந்தான் குடிக்கிறாங்க" என்று ஒரு பையன் சொன்னால் அது கணக்கே தப்பு. குடிக்காமல் கொழுந்து பறித்துப் பிள்ளையைக் கெம்பஸ் அனுப்பிய அம்மாக்கள் இந்த லுணுகலையிலேயே இருக்கிறார்கள்.

குடியை இந்த மலைக்குக் கொண்டுவந்து சேர்த்ததிலும் தொழிலாளியை விடப் பெரிய கைகள் இருக்கின்றன. வெள்ளைக்காரன் காலத்தில் சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கமே ஏலம் போட்டு வருமானம் எடுத்தது. 1912இல் மதுவரிச் சட்டம் வந்து புதிய தவறணைகளுக்கு அனுமதி கொடுத்தபோது நாடெங்கும் மதுவிலக்குக் கூட்டங்கள் நடந்தன. இன்றைக்கும் திறைசேரி அந்த வரியை நம்பித்தான் இருக்கிறது. முதுகு வலிக்க வேலை செய்கிறவனுக்கு ஓய்வுக்கு ஒரு மைதானமோ ஒரு வாசிகசாலையோ இல்லாத இடத்தில் தவறணை மட்டும் நேரத்துக்குத் திறக்கிறது. அந்தக் கோபமும் எனக்கு இருக்கிறது.

ஆனால் கோபத்தை அரசாங்கத்தின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஏனென்றால் டின்னைப் பையன் கையில் கொடுத்தது திறைசேரி இல்லை.

இப்போது என் சமூகத்துக்கு

"எங்க புள்ளைகள் குடிக்க மாட்டாங்க. ஹராம்னு தெரியும்." இதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஓர் உம்மா மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகனுக்குப் பதினேழு வயது. பக்கத்து டவுனில் கடையில் நிற்கிறான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் குடித்துவிட்டு வருகிறான். "வாப்பாக்குத் தெரிஞ்சா வெட்டிப் போடுவார் சேர். பள்ளிக்குத் தெரிஞ்சா நாங்க ஊருல தல காட்ட ஏலாது." இரண்டு இடத்தில் ஓதிப் பார்த்திருக்கிறார், நூல் கட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூட்டிப் போகவில்லை. யாராவது கண்டுவிடுவார்களே என்ற பயம்.

ஹராம் என்பது குடிக்காமல் இருக்கிறவனுக்கு வேலி. அல்ஹம்துலில்லாஹ், அந்த வேலி பல பிள்ளைகளைக் காத்திருக்கிறது. ஆனால் வேலியைத் தாண்டி விழுந்துவிட்ட பிள்ளை திரும்பி வர அதில் ஒரு கடவை வேண்டாமா? அதையும் அடைத்துவிட்டு "எங்களில் யாரும் இல்லை" என்று சொன்னால் அந்தப் பிள்ளை வேலிக்கு வெளியேதான் சாகும். நம் மார்க்கத்திலேயே மதுவிலக்கு ஒரே நாளில் வரவில்லை. படிப்படியாகத்தான் வந்தது. அதில் பொறுமை இருந்தது, மனிதரைத் தெரிந்த அறிவு இருந்தது. பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்கள் இதை யோசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பயானில் நரகத்தைப் பற்றிச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே "பிள்ளை இப்படி ஆகிவிட்டால் எங்களிடம் வாருங்கள், மறைவாக உதவி செய்வோம்" என்று ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கும்

கலாசாலையில் எங்களுக்குக் கற்பித்தல் முறை சொல்லித்தந்தார்கள், துணைக்கருவி செய்யச் சொல்லித்தந்தார்கள். பிள்ளையின் வாயில் வாடை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்த ஞாபகம் இல்லை. எனக்குத் தெரிந்தது அழுகிப்போன ஈரலின் படத்தைச் சுவரில் ஒட்டுவது மட்டும்தான். தரம் 9 பிள்ளை ஒருவன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "எங்க தாத்தா முப்பது வருசமா குடிக்கிறார், இன்னும் மலைக்குப் போறார், அவருக்கு ஏன் சேர் ஈரல் அழுகல?" இன்னொருத்தன்: "உங்க சமயத்துல ஹராம். எங்களுக்கு அப்படி இல்லயே சேர்." இரண்டுக்கும் அன்று என்னிடம் பதில் இல்லை.

பயமுறுத்துவதால் பெரிதாக எதுவும் மாறாது. ஐம்பது வயதில் வரும் நோயைக் காட்டினால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது அடுத்த ஜென்மம் மாதிரி. டின்னையும் கால் போத்தலையும் கணக்குப் போட்டுக் காட்டினால் யோசிக்கிறான். இன்று இரவே மூச்சு நிற்கலாம் என்றால் யோசிக்கிறான். நல்லா ஓடுகிற கால் நாளைக்கு ஓடாது என்றால் யோசிக்கிறான்.

நம்மை விடக் குளிரான ஒரு நாடு இதைச் செய்து காட்டியிருக்கிறது. ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 வீதமானோர் முந்தைய மாதத்தில் போதையாகும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 வீதம். பிள்ளைகளுக்கு உபதேசம் பண்ணி அல்ல. பெற்றோர்கள் ஊர் ஊராகக் கூடி ஒப்பந்தம் போட்டார்கள்: பிள்ளைகளுக்கு மது வாங்கிக் கொடுப்பதில்லை, இரவில் வெளியே விடுவதில்லை, அவர்களோடு நேரம் செலவழிப்பது. அரசாங்கமும் நகரசபைகளும் விளையாட்டுக்கும் இசைக்கும் பணம் கொடுத்தன. அது பணக்கார நாடு, உண்மைதான். ஆனால் "என் பிள்ளைக்கும் உன் பிள்ளைக்கும் ஊத்திக் கொடுக்க மாட்டேன்" என்று ஒரு லயத்தில் பத்துக் குடும்பம் சேர்ந்து முடிவெடுக்கப் பணம் வேண்டுமா?

நாளைக்கே செய்யக்கூடியவை

கல்யாணம், கருமாதி, திருவிழா, கிரிக்கெட் போட்டி எதுவாக இருந்தாலும் 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கையில் கிளாஸைக் கொடுக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதே குற்றம். கடைக்காரனுக்குக் குற்றமானது மாமாவுக்கு எப்படிப் பாசமாகும்?

"ஓடிப் போய் ஒரு போத்தல் வாங்கிட்டு வா" என்று பிள்ளையை அனுப்பாதீர்கள். மீதிக் காசு அவனுக்கு என்று சொல்லாதீர்கள். அங்கேதான் பழக்கம் தொடங்குகிறது.

தீபாவளி அட்வான்ஸ் வந்த வாரம் வீட்டில் என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்வதை அல்ல, செய்வதைப் படிக்கிறார்கள்.

போட்டி நடத்தும் கழகங்கள் பரிசளிப்பு முடிந்ததும் சின்னப் பையன்களை முதலில் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

யாராவது குடித்து விழுந்துவிட்டால், பிள்ளையோ பெரியவரோ: தனியாக விடாதீர்கள். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், மல்லாக்காகப் போட்டால் வாந்தி மூச்சுக் குழாய்க்குள் போகும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஈரத் துணியைக் கழற்றிக் கம்பளியால் மூடுங்கள். மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு எட்டுக்குக் குறைவாக இருந்தால், அல்லது ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்து செக்கனுக்கு மேல் போனால், கூப்பிட்டு எழும்பாவிட்டால், தோல் நீலமாகிக் குளிர்ந்தால், யோசிக்க நேரமில்லை. 1990. காசு கிடையாது. பார்வை மங்குகிறது என்று மறுநாள் சொன்னாலும் உடனே கொண்டு போங்கள். என்ன குடித்தான் என்று டொக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள், போத்தலையும் கொண்டு போங்கள். பொலிஸ் வரும் என்று பயமா? உயிர் இருந்தால்தான் பொலிஸுக்கும் பதில் சொல்லலாம்.

மனசு உடைந்து பேச ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு 1926 மனநல உதவி இலக்கம். சிறுவர்களுக்கு 1929. இந்த இலக்கங்களைப் பிள்ளைகளின் கொப்பி மட்டையில் எழுதிக் கொடுங்கள்.

என் மாணவர்கள் இதை வாசித்தால் உங்களுக்கு ஒரு வாக்கு. இரவு எத்தனை மணியானாலும் கூட்டாளி விழுந்துவிட்டான் என்று எனக்குப் போன் எடுத்தால் முதலில் உயிரைப் பார்ப்போம். ஏன் குடித்தாய் என்று அன்றைக்குக் கேட்க மாட்டேன். காப்பாற்றக் கூப்பிட்டவனுக்குத் தண்டனை கிடைக்காமல் இருக்க என்னால் முடிந்ததைச் செய்வேன். எங்கள் பாடசாலையிலும் இதைப் பேசியிருக்கிறேன். எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பேசிக்கொண்டிருக்கிறேன்.

பீலிக்கரையில் கிடந்த பையன் இப்போது ஒழுங்காக வருகிறான். முன் வரிசையில் இருக்கிறான்.

கொழும்பில் மூட்டை தூக்குகிறவனுக்குப் போன வாரம் போன் எடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சேர், அத விடுங்க" என்றான். அவன் சொன்னதும் எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருந்தது. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஓ.எல். எழுதலாம் என்று சொன்னேன். விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டான்: "கணக்கு மட்டும் சொல்லித் தருவீங்களா சேர்?"

இன்ஷா அல்லாஹ், ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் போனில் தொடங்கப் போகிறோம்.

உங்கள் தோட்டத்து, உங்கள் பள்ளிவாசல், உங்கள் கழக வட்ஸ்அப் குழுமங்களில் இதைப் பகிருங்கள். என் பெயர் போடாவிட்டாலும் பரவாயில்லை. 1990 பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.